தண்டைப் பிடித்த கை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாராவது பேச்செடுத்தால் தூத்துக்குடி ரோச் எழுந்து போய்விடுவார். ஏனென்றால் அவருக்கு நடந்தது பட்டப்பகலில். நல்ல வெயில், காற்றில்லாத கடல். இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. அப்போது அவரோடு இருந்த மச்சினன் பாஸ்கலிடம் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம். ரோச்சின் கை அன்றைக்கு நினைத்தது நடந்திருந்தால், கேட்க அவன் இருந்திருக்க மாட்டான்.

1973, மாசி மாதம். சங்கு குளிக்கும் பருவம், அதாவது கடலில் முங்கிச் சங்கெடுக்கிற காலம். ரோச்சிடம் ஒரு சின்ன வள்ளம் இருந்தது. அவர் மேலே நிற்பார். மனைவி பிலோமியின் தம்பி பாஸ்கல் இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு கீழே போவான். எடுக்கிற சங்கையெல்லாம் அரசாங்கக் குடோனில் கொடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு வெளியே போனது தெரிந்தாலும் லைசென்ஸ் போய்விடும், அப்புறம் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட வேண்டியதுதான். ரோச் சாதாரண நாளிலேயே சந்தேகப் பேர்வழி. வாங்கிய வாழைப்பழத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் தின்பார். பருவகாலத்தில் கேட்கவே வேண்டாம்.

வள்ளம் வலிக்கிற நீளத் துடுப்பைக் கடற்கரையில் தண்டு என்பார்கள். உருண்டையான கழி, அதன் நுனியில் கட்டிய பலகை, அவ்வளவுதான். வள்ளத்தின் விளிம்பில் நட்ட முளையில் ஒரு கயிற்று வளையம் இருக்கும். அதற்குள் தண்டைச் செருகி வலிப்பார்கள். வளையத்துக்கு உள்ளே கொஞ்ச நீளம், வெளியே நிறைய நீளம். அதனால் பலகையில் ஒரு குழந்தை தொங்கினாலும் கைப்பிடியில் இருப்பவனுக்கு ஆள் தொங்குவது போலத் தெரியும். அந்த மாசியில் ரோச்சின் தண்டு ஒன்று முறிந்துபோனது. படகு கட்டும் ஓடாவி இசக்கியப்பனிடம் பழைய தண்டு ஒன்று கிடந்தது. மீனெண்ணெய் ஊறிக் கறுத்திருந்தாலும் கழி நல்ல கழி. ரோச் வழக்கம்போல நாலு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

தண்டுக்கு வலிக்கிற வேலை மட்டுமல்ல. மூச்சுத் திணறி மேலே வருகிறவன் விளிம்பைப் பிடித்தால் சின்ன வள்ளம் சாய்ந்துவிடும். அதனால் மேலே நிற்பவன் தண்டின் பலகையைத் தண்ணீரில் நீட்டிப் பிடித்திருப்பான். வருகிறவன் அதில் தொங்கி, மூச்சு வாங்கி, பிறகுதான் ஏறுவான். ஆள் கீழே இருக்கும்போது தண்டை ஓங்கவே கூடாது. தலை எந்த இடத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

முதல் நாள், முயல் தீவுக்குக் கிழக்கே நங்கூரக் கல்லைப் போட்டு வள்ளத்தை நிறுத்தினார்கள். பாஸ்கல் முங்கினான். ரோச் புதிதாக வாங்கிய தண்டை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் பலகையில் பாரம் ஏறியது. வந்துவிட்டான் என்று நினைத்தார். பாரம் மெல்ல ஏறி இறங்கியது, ஆள் மூச்சு வாங்குகிற மாதிரி...

முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல்.

பாஸ்கல் வள்ளத்தின் மறுபக்கத்தில் தலை தூக்கியிருந்தான். பையில் மூன்றே சங்கு.

ரோச் திரும்பிப் பார்த்தபோது தண்டு லேசாகிவிட்டது. தூரத்தில் இன்னொரு வள்ளம் நின்றது. அவர் மூளை உடனே கணக்குப் போட்டது. அந்த வள்ளத்து ஆள் ஒருவன் நீருக்குள் வந்திருக்கிறான், இவன் சங்கை அவனிடம் கொடுத்துவிட்டு மறுபக்கமாக ஏறுகிறான். பெண்டாட்டியின் தம்பியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டார்.

திரும்பும்போதும் காற்றில்லை. இருவரும் வலித்தார்கள். புதுத் தண்டு பாஸ்கல் கையில், இடப்பக்கம். வள்ளம் இடப்பக்கமே திரும்பியது.

"ஏலே, ஒழுங்கா வலிலே. தூங்குதியா?"

"கை விட்டுப்போவுது அத்தான், இந்தத் தண்டு அவ்வளவு கனம்."

தண்டை மாற்றிக்கொண்டார்கள். இப்போது அது வலப்பக்கம் ரோச் கையில். வள்ளம் வலப்பக்கம் திரும்பியது. வேறு யாராக இருந்தாலும் தண்டின் மேல் சந்தேகப்பட்டிருப்பார்கள். ரோச்சோ, பயல் இப்போது வேண்டுமென்றே ஓங்கி வலிக்கிறான் என்று நினைத்தார்.

இரண்டாம் நாளும் அதேதான். பாரம்... மூச்சு... பின்பக்கம் பாஸ்கல். பையில் இரண்டு சங்கு. சாயங்காலம் தண்டைக் கழுவும்போது பலகையின் ஒரு விளிம்பில் வரிசையாக நாலு சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. வாங்கும்போது இவை இல்லை. திருட்டுப் பயல் ஏதோ கொக்கியை மாட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்.

வீட்டில் பிலோமியிடம் சொன்னார்.

"ஏளா, ஒன் தம்பி களவு பண்ணுதான்."

"அவன் மூச்சு ஒங்க கையில இருக்கு," என்றாள் பிலோமி. "நீங்களே இப்படிப் பேசலாமா?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

மூன்றாம் நாள். சுற்றிலும் ஒரு வள்ளம்கூட இல்லை. ரோச் அதைக் கவனித்தார். கவனித்தும் புத்திக்கு ஏறவில்லை. பாஸ்கல் அவர் முகத்தைப் பார்க்காமலே முங்கினான். ரோச்சுக்கு அந்தக் கோபம் வேறு.

தண்டை நீட்டினார்.

பாரம் ஏறியது. நேற்றையதைவிட அதிகம். வள்ளமே அந்தப் பக்கம் சாய்ந்தது.

"யாருலே அது?"

பலகைக்கு அடியில் ஒரு நிழல். குமிழி ஒன்றும் வரவில்லை. ஆனால் தண்டு ஏறி இறங்கியது... ஏறி இறங்கியது...

இன்றைக்கு உன் மண்டையைப் பிளக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். தண்டை வெளியே எடுத்து ஓங்கி அந்த நிழல் மேல் போட நினைத்தார். கைப்பிடியை அமுக்கினால் பலகை மேலே வர வேண்டும்.

வரவில்லை.

இரண்டு கையாலும் அமுக்கினார். நெஞ்சைக் கொடுத்து அமுக்கினார். கழி முனகியது. பலகை அசையவே இல்லை.

யாரோ பிடித்திருந்தார்கள்.

அப்போது... பலகையை ஒட்டி... குமிழிகள்.

ஒரு தலை வெளியே வந்தது.

பாஸ்கல்.

ஓங்கியிருந்தால் பலகை விழுந்திருக்க வேண்டிய அதே இடம்.

தண்டு சட்டென்று லேசானது. ரோச் வள்ளத்துக்குள் குப்புற விழுந்தார்.

பாஸ்கல் ஏறி உட்கார்ந்து அவரையே பார்த்தான். அவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்தான். அது காய்ந்திருந்தது.

"அத்தான், நீங்க எப்ப ஏறுனிய?"

"நான் எங்கலே எறங்குனேன்?"

"மூணு நாளா நீங்கதான என்னைய வேவு பாக்க எறங்குதிய? பலகையப் பிடிச்சுத் தொங்குற கால நான் கீழ இருந்து பாக்கேன்லா? அந்தக் கோவத்துலதான் பாதியிலயே மேல வந்து, மறுபக்கமா ஏறுனேன். இன்னைக்கு நேருக்கு நேரா கேட்டுருவோம்னு இந்தப் பக்கம் வந்தேன்." அவன் குரல் தேய்ந்தது. "தண்ணிக்கு மேல வந்தா யாருமே இல்ல."

கரைக்கு எப்படி வந்தார்கள் என்பது இருவருக்கும் நினைவில்லை. தண்டைத் தூக்கிக்கொண்டு நேரே இசக்கியப்பனிடம் போனார்கள். நடந்ததைக் கேட்டு ஓடாவி மரம் இழைத்துக்கொண்டிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"இந்தத் தண்டு முன்ன வேற ஒரு வள்ளத்துல கெடந்தது. அந்த வள்ளக்காரனுக்கு, குளிக்குற ஆளு மேல சந்தேகம். உண்மையச் சொன்னாத்தான் தண்டு தருவேன்னு, மேல வந்தவன் பிடிக்கப்போகையில பலகைய இழுத்துக்கிட்டான். விளையாட்டா ரெண்டு தரம். மூணாவது தரம் அந்த ஆளு மேல வரல."

"அந்த வள்ளக்காரன்?"

"ஒரு மாசம் கழிச்சுத் தனியாப் போனான். வள்ளம் மட்டும் கிடைச்சுது. இந்தத் தண்டு தண்ணியில தொங்க, ஒரே இடத்துல வட்டம் போட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. ஆள் அம்புடல."

ரோச் தண்டைக் கையிலிருந்து இறக்கி வைத்தார். "அந்த ஆளு பிடிச்ச தடம்தான் பலகையில இருக்கு போல அண்ணாச்சி..."

"எந்தப் பலகையில?" ஓடாவி நிமிர்ந்தார். "பழைய பலகைய, தண்டு எங்கிட்ட வந்த அன்னைக்கே அடுப்புல வச்சாச்சு. இது நான் தை மாசம் இழைச்சுக் கட்டுன புதுப் பலகை. இது கடலுக்குப் போனதே ஒங்க வள்ளத்துலதான்."

பிறகு ஓடாவி பாஸ்கலைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"தம்பி, நீ பாத்தது ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

பாஸ்கல் யோசித்தான். "முத ரெண்டு நாளு ரெண்டு காலுதான். இன்னைக்கு நிறையத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கலங்கலா இருந்துச்சு, சரியாச் சொல்லத் தெரியல."

ரோச் பலகையை வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு விளிம்பில் நாலு பள்ளம்.

மறு விளிம்பிலும் நாலு.

அன்று காலையில் வள்ளத்தில் ஏற்றும்போது ஒரு விளிம்பில்தான் இருந்தன. அதை அவர் பனிமய மாதா மேல் சத்தியம் செய்து சொல்வார். பிடித்தது யார், எதற்காகப் பிடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கும் தெரியாது.

தண்டை ஓடாவியிடமே போட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு பாஸ்கல் கேட்டான்.

"அத்தான், நான் கீழ இருக்கையில நீங்க எதுக்குத் தண்டத் தூக்கப் பாத்திய?"

ரோச் அதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.