எல்.சி.எம். எடுத்த டெம்பரரி வாத்தியார்

பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா எடுக்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு மாதம் நிச்சயமாகத் தொண்டை கட்டும்; அது எல்.சி.எம். நடத்தும் மாதம். சாக்பீஸ் பிடித்துப் பிழைத்த சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எக்ஸும் ஒய்யும் கலந்த இரண்டு மூன்று கோவைகளைக் கொடுத்து, அவை எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடுகிற மிகச் சிறிய கோவையைக் கண்டுபிடி என்பார்கள். ஒவ்வொன்றையும் காரணிகளாக உடைத்து, பொதுவாக இருப்பதை ஒரு தடவை மட்டும் எழுதி, மற்றவற்றையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதா'னைச் சொல்லிச் சொல்லியே என் வாலிபம் போயிற்று.

எனக்குக் கூடுதலாக ஒரு கஷ்டமும் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னை டெம்பரரியாகத்தான் எடுத்தார்கள். ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜூனில் மறுபடி கூப்பிட்டால் உண்டு. இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்த்து நாலு வார்த்தை நல்லதாக எழுதினால்தான் நிரந்தரம். நிரந்தரமான பிறகுதான் பெண்ணைக் குடித்தனத்துக்கு அனுப்புவது என்று வானூரில் என் மாமனார் தீர்மானமாக இருந்தார். கல்யாணமாகி மூன்று வருஷம் ஓடியும் நான் ஓட்டல் சாப்பாட்டுக்காரன்தான்.

ஒரே ஒரு சந்தேகம்

முதல் வருஷம், நாலாவது பாரம், அதாவது இந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பு. நாலு நாள் உயிரைக் கொடுத்து நடத்தினேன். கரும்பலகையில் இடமில்லாமல் சுவரிலும் கொஞ்சம் எழுதினேன். ஐந்தாம் நாள், "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். சந்தேகம் வருவதற்கும் கொஞ்சம் புரிய வேண்டுமே, அதனால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிரம்மதேசத்திலிருந்து நடந்து வரும் பையன் ஒருவன் எழுந்தான். அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன். எனக்கு ஒரே சந்தோஷம். பரவாயில்லை, நமக்கும் பாடம் எடுக்க வருகிறது என்று நினைத்துக்கொண்டு, "கேளப்பா" என்றேன். அவன் கேட்டான்: "எப்பப் பாத்தாலும் சின்னதைத்தான் கண்டுபுடின்றீங்களே, பெரிசு என்னா சார் பாவம் பண்ணிச்சு?"

மரக்காணத்து அப்பா

எட்டுக் கணக்கு கொடுத்தேன். ஒரு பையன் எட்டிலும் கோவைகளை உடைக்கவே இல்லை. இருந்தவற்றையெல்லாம் வரிசையாகப் பெருக்கி வைத்துவிட்டான். ஒவ்வொரு விடையும் இரண்டு வரி நீளம். எட்டுக்கும் முட்டை போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவன் அப்பா மரக்காணத்திலிருந்து வந்துவிட்டார். கடலில் மீன் பிடிக்கிறவர். விடைத்தாளை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார். அவரை உட்காரவைத்துச் சொன்னேன்: "பெரியவரே, இரண்டிலும் இருக்கிற பொதுச் சரக்கை ஒரு தடவைதான் எழுத வேண்டும். உங்கள் பிள்ளை இரண்டு தடவை எழுதியிருக்கிறான்." அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"கடலுக்குப் போறவன் எது ரெண்டு தபா கீதுன்னா பாத்துக்கினு இருப்பான்? எதுவும் விட்டுப் போவக் கூடாதுன்னு எல்லாத்தையும் ஏத்திக்கினு போவான். புள்ளையும் அதத்தானே செஞ்சிருக்கான், அதுக்குப் போயி முட்டை போடலாமாங்க?"

தமிழில் கணக்கு

கணக்கைத் தமிழிலேயே நடத்தலாம் என்று உத்தரவு வந்தது. புதுப் புத்தகத்தில் எல்.சி.எம். என்பது 'மீச்சிறு பொது மடங்கு' என்று இருந்தது. நான் இங்கிலீஷில் படித்து இங்கிலீஷிலேயே குழம்பியவன். எதற்கும் கேட்டுவைப்போம் என்று எங்கள் தமிழ்ப் பண்டிதரிடம் புத்தகத்தை நீட்டினேன். அந்த நல்ல மனிதர் மத்தியான இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து, உதாரணக் கணக்குகள் உள்பட அத்தியாயம் முழுவதையும் வாசித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சொல்லில் குற்றமில்லை, பொருளும் விளங்கிவிட்டது. இதைக் கண்டுபிடித்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை, ஐயா."

வானூரில் ஒரு ஞாயிறு

யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. கரியை எரித்து ஓட்டும் பஸ்ஸில் பாதி தூரம் ஏறிப் போய், மீதி தூரம் அதைத் தள்ளிக்கொண்டு போய், வானூர் போய்ச் சேர்ந்தேன். கையில் திருத்தாத விடைத்தாள் ஒரு கட்டு. காபி கொண்டுவந்து வைத்த என் மனைவி கதவருகில் நின்று, "இந்த வருசமாவது ஆயிடுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இன்ஸ்பெக்டர் வரவேண்டும்" என்றேன். போன வருஷமும் அதையேதான் சொல்லியிருந்தேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மாமனார் வந்து உட்கார்ந்தார். ஒரு விடைத்தாளை எடுத்துத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "போன வருசமும் இதே எழுத்துதான இருந்திச்சு?" என்றார். ஆமாம், எக்ஸும் ஒய்யும்தான், மாறாது என்றேன். தாளைக் கட்டின் மேல் ஜாக்கிரதையாகத் திருப்பி வைத்தார். "அதுங்களே பர்மனெண்டா கீதுங்க மாப்ளே. நீங்கதான் டெம்பரரி."

விழுப்புரத்தில் இன்ஸ்பெக்டர்

அதற்குள் என்னை விழுப்புரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கும் டெம்பரரிதான். ஒரு நாள் காலை முன்னறிவிப்பு இல்லாமல் இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியரோடு என் வகுப்புக்குள் நுழைந்தார். இன்ஸ்பெக்டர் சரித்திரம் படித்தவர், தலைமையாசிரியர் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவர்; கணக்கு இருவருக்கும் தூரம். நடந்துகொண்டிருந்த பாடம், வேறென்ன, எல்.சி.எம்.

ஒரு கோவையில் எக்ஸ் மைனஸ் ஒய் வந்தது, அடுத்ததில் ஒய் மைனஸ் எக்ஸ். இரண்டும் உண்மையில் ஒன்றுதான். குறி மட்டும் மாறியிருக்கும். இரண்டையும் தனித்தனியாக எழுதினால் விடையில் ஒரு காரணி அதிகமாகிவிடும். இந்தத் தவற்றுக்காக அந்த வருஷம் நான் பெஞ்சு மேல் ஏற்றாத பையன் அந்த வகுப்பிலேயே கிடையாது. அன்று என் மனசெல்லாம் வானூரில் இருந்தது. மளமளவென்று எழுதி, விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் பையன்கள் பக்கம் திரும்பி, "என்ன, விடை சரிதானே?" என்றார். நாற்பது பேரும் ஒரே குரலில், "சரி சார்!" என்றார்கள். எந்தக் கேள்விக்கும் அந்த வகுப்பு அப்படி ஒற்றுமையாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டு வெளியே போனார். நான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

வகுப்புத் தலைவன் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, கரும்பலகை துடைக்கும் துணியோடு என்னிடம் வந்தான். "ரெண்டையும் தனித்தனியா போட்டுட்டீங்க சார். எல்லாருக்கும் தெரியும். நீங்க ஓட்டல்ல தனியா சாப்ட்டுக்கினு கெடக்கறதும் தெரியும். அவரு போவட்டும்னுதான் சரின்னோம். இப்ப அழிச்சிட்டு ஒழுங்கா போடுங்க சார், பரீட்சையில வந்துடப் போவுது."

அந்த ஜூனில் உத்தரவும் வந்தது, டிரங்குப் பெட்டியோடு வானூரிலிருந்து என் மனைவியும் வந்தாள். ஆக, ஒரு காரணியை அதிகமாகப் போட்டு நிரந்தரமான உத்தியோகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காரணியை அதிகமாகப் போட்ட பையன்களுக்கெல்லாம் இருபத்தாறு வருஷம் மார்க் குறைத்தேன்.