ஒரு பயணியின் ஒற்றை நட்சத்திரம்

கைப்பேசியை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு விரலை விரித்து, தண்ணீரில் விழுந்தவரை மூழ்கவிடாத ஒரு மிதவைச் சட்டையின் தையலைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாள். விற்பவன் போட்ட படமல்ல அது. வாங்கிய எவரோ தன் வீட்டு நாற்காலியில் தொங்கவிட்டு எடுத்த மங்கல் படம். "கடைக்காரன் படம் கல்யாணப் பொண்ணு மாதிரி. அடுத்த மாசம் எப்படி இருக்குன்னு வாங்கினவனக் கேட்டாத்தான் தெரியும்" என்பது அவள் கட்சி.

நீர்த்தேக்கத்தின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் மோட்டார் படகு அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் சோறு போடுகிறது. ஓட்டுவது அவர். கயிறு, நங்கூரம், நீர் இறைக்கும் பம்பு என்று படகுக்கு எது வாங்குவதானாலும் அவள்தான். படகுச் சாமான் கடை பக்கத்தில் ஏதும் கிடையாது, எல்லாம் ஆன்லைனில். படகுத்துறையில் அவளுக்குச் 'சந்தேக அக்கா' என்று பெயர். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். "தரையில ஏமாந்தா காசு போகும். தண்ணியில ஏமாந்தா ஆளே போயிடும்."

ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. "பெட்டி அழகா இருந்துச்சாம், சீக்கிரம் வந்துச்சாம். உள்ள இருந்த சாமானப் பத்தி வாயே திறக்கல பாரு." நேராகக் கீழே இறங்கி ஒற்றை நட்சத்திரத்திலிருந்துதான் படிப்பாள். விற்பவனிடம், பதில் தனக்குத் தெரிந்த கேள்வியாகப் பார்த்துக் கேட்பாள். மூழ்கும் என்று தெரிந்தே, நைலான் கயிறு தண்ணீரில் மிதக்குமா என்று ஒருவனைக் கேட்டாள். நன்றாக மிதக்கும் மேடம் என்று அவன் எழுதியதும் அந்தக் கடையையே தலைமுழுகிவிட்டாள். பொட்டலம் பிரிப்பதை வீட்டுக்காரர் படம் பிடித்தாக வேண்டும். எல்லாப் படத்திலும் அவர் கட்டைவிரல் பாதியை மறைத்திருக்கும். அதற்கு அவளிடம் தனியாகப் பாட்டு வாங்குவார்.

இப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரே ஒருவரைத்தான். அவரும் முகம் தெரியாதவர். 'ஒரு பயணி' என்று மட்டும் பெயர் போட்டுக்கொண்டு, படகுச் சாமான்களுக்கு ஒற்றை ஒற்றை வரியாக எழுதுகிறவர். ஒரு கயிற்றைப் பற்றி, 'ஈரம் ஏறினால் முடிச்சு வழுக்குகிறது' என்றார், வழுக்கியது. ஒரு நங்கூரத்தைப் பற்றி, 'மண்ணை நன்றாகப் பிடிக்கிறது, பார்த்தேன்' என்றார், பிடித்தது. முக்குளிக்கிற ஆளாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "அளந்து பேசுறாரு. இந்த மாதிரி ஒரு மனுஷன் வீட்டுல இருந்தா எவ்வளவு நிம்மதி" என்று வீட்டுக்காரர் காதுபடவே சொல்வாள்.

மழைக்காலம் நெருங்கியபோது படகுத்துறை அதிகாரி வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இல்லையென்றால் படகை அவிழ்க்கக்கூடாது. வீட்டுக்காரர் அன்றைக்கே ஒரு தள்ளுபடியைக் கண்டுபிடித்தார். மலை மலையாக நல்ல கருத்துகள், பாதி விலை. இவள் அலசத் தொடங்கினால் மழையே முடிந்துவிடும் என்று, சொல்லாமல் மொத்தமாக வாங்கிவிட்டார். பெட்டிகள் வந்து இறங்கிய பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

அவள் சத்தம் போடவில்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்து அடிவரைக்கும் இறங்கிப்போனாள். அங்கே 'ஒரு பயணி' இருந்தார். 'முதலில் மிதக்கும். பிறகு குடிக்கும். இதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.' கூடவே ஒரு படம். அவர் படம் போட்டு அவள் பார்த்ததே இல்லை.

தண்ணீருக்கு அடியிலிருந்து மேல்நோக்கி எடுத்த படம். பச்சைக் கலங்கலில் ஒரு மிதவைச் சட்டை பாதி அமிழ்ந்து தொங்குகிறது. அதற்கு மேலே, வெளிச்சத்தை மறைத்தபடி ஒரு படகின் அடிப்பாகம். வழக்கம்போல விரலை விரித்துப் பெரிதாக்கினாள். அடிப்பலகையில் ஒரு தகரம் தெரிந்தது. போன கோடையில் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப்போட்டு, விரிசலுக்கு அவளே வெட்டி அறைந்த தகரம். வெட்டும்போது கை வழுக்கி ஒரு மூலை காதுபோல நீண்டுவிட்டது. அந்தக் காது அங்கே இருந்தது. அதற்குப் பிறகு படகு ஒரு தடவைகூடத் தண்ணீரை விட்டு ஏறவில்லை.

வீட்டுக்காரரிடம் காட்டினாள். எல்லாப் படகுக்கும் அடி ஒன்றுபோலத்தான் இருக்கும், இப்போது தண்ணீருக்குள் விட்டு எடுக்கிற கேமரா கொள்ளை கொள்ளையாக வருகிறது என்றார். சொல்லும்போது அவர் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் ஒரு சட்டையில் மணல் மூட்டையைக் கட்டி, துறைக் கம்பத்தில் கயிறு போட்டு நீரில் விட்டாள். ஜம்மென்று மிதந்தது. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். வெயில் ஏறியபோது கழுத்துப் பகுதி மட்டும் தெரிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தபோது கயிறு விறைத்து நேர் கீழே இறங்கியிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கிழித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது தலையணைப் பஞ்சு. அவர் அந்தப் பஞ்சைப் பிழிந்துகொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பெட்டிகளைத் திருப்பி அனுப்பக் கட்டத் தொடங்கினார். படகு துறையிலேயே கிடந்தது. அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் ஏசிக்கொண்டே சுற்றுப்பாதையில் பேருந்து ஏறினார்கள்.

அவள் பழைய கருத்துகளை மறுபடி படித்தாள். கைவிளக்கு ஒன்றுக்கு எழுதியிருந்தார்: 'அடியில் வெளிச்சம் போதவில்லை.' ஊதல் ஒன்றுக்கு: 'ஊதினேன். யாருக்கும் கேட்கவில்லை.' முதல் தடவை படித்தபோது அந்த ஊதல் மட்டம் என்று நினைத்து வேறு ஊதல் வாங்கியவள் அவள். இப்போது அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அந்தப் படகு அவர்களுக்கு வந்தது வீட்டுக்காரரின் சித்தப்பாவிடமிருந்து. திடீரென்று ஒருநாள் இனித் தண்ணீர்ப் பக்கமே வரமாட்டேன் என்று கொடுத்துவிட்டு, டவுனில் மகள் வீட்டோடு போய்விட்டவர். அவள் பேருந்து ஏறிப் போய் அவரைப் பார்த்தாள். படத்தைக் காட்டவில்லை. அந்தப் படகிலிருந்து விழுந்து யாராவது போனார்களா சின்ன மாமா என்று மட்டும் கேட்டாள்.

அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். சொல்லி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. காற்றடித்த ஒரு சாயங்காலம் நடுத்தேக்கத்தில், தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும் பட்டமரத்தருகே படகு சாய்ந்து நிமிர்ந்ததாம். கரையில் இறங்கியவர்களில் ஒருவர் குறைந்தார். கடைசியாக ஓடிவந்து ஏறியவர், பெயர் தெரியாது. மலிவாகக் கிடைத்த சட்டை ஒன்றைத் தம் கையாலேயே அவருக்கு மாட்டிவிட்டிருந்தார் சித்தப்பா.

"ஒருத்தரும் தேடி வரலம்மா. தினம் துறையில நின்னு பார்த்தேன். யாராவது வந்தா சொல்லிடலாம்னுதான் இருந்தேன். யாருமே வரல."

திரும்பும் வழியில், பேருந்திலேயே அவள் அந்த ஒற்றை நட்சத்திரத்தின் கீழே ஒரு கேள்வி போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக, பதில் தெரியாத கேள்வி. யார் நீங்கள் என்று கேட்கவில்லை. 'உங்களுக்கு என்ன அளவு?' என்று கேட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் பதில் வந்திருந்தது.

'பெரியது. துணி நனைந்திருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.'

சித்தப்பா சொன்னதை அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். இந்தத் தடவை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அலசினார். எடைக்கு ஏற்ற மிதப்பு, தரமுத்திரை எண், சட்டை மேலே நழுவாமல் தொடையிடுக்கில் மாட்டும் கவட்டுப்பட்டை, வாங்கி ஒரு வருடம் கழித்து எழுதியவர்களின் கருத்து. விலை முழுசாக இருந்தது, அவர் முணுமுணுக்கவில்லை. புதுச் சட்டைகள் வந்தன. ஒவ்வொன்றையும் மணல் மூட்டையோடு பகல் முழுக்க மிதக்கவிட்டார்கள். அதிகாரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெரிய அளவில் ஒன்று அதிகமாக இருக்கிறதே என்றார். இருக்கட்டும் சார் என்றாள்.

ஆள் ஏற்றுவதற்கு முன்னால், நல்ல வெயிலில், இருவர் மட்டும் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டமரத்தருகே அவர் இயந்திரத்தை நிறுத்தினார். காற்றே இல்லை. தண்ணீர் தகடுபோலக் கிடந்தது.

அவள் அந்தப் பெரிய சட்டையின் பட்டைகளை எல்லாம் அவிழ்த்து அகல விரித்தாள். விளிம்பில் மண்டியிட்டு, அதை வீசாமல், கைக்குக் கை கொடுப்பதுபோல முழங்கைவரை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தாள். மேலே வரத் திமிறியது சட்டை. அழுத்திப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு அதன் திமிறல் நின்றது. கீழிருந்து இன்னொரு பிடி இறுகியது உறுதியான பிறகுதான், ஒவ்வொரு விரலாகத் தளர்த்திக் கையை எடுத்தாள்.