பெரியவன் படித்த வரை

தண்டவாளத்தை ஒட்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிமூட்டை. மாற்று வேட்டி, அலுமினியக் குவளை, அக்கா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம், ஓர் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். கொருக்குப்பேட்டை ரயில் யார்டின் கரிப்புகை பின்னால் நின்றுவிட்டது. தண்டையார்ப்பேட்டை தாண்டி, ஒரு சிக்னல் கம்பத்தின் நிழலில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தபோது புத்தகம் நழுவி மடியில் விழுந்தது. மூடிய புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலே அதில் ஒரு கோடு தெரியும். முன்பாதித் தாள்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. பின்பாதி கடையிலிருந்து வந்த அன்று இருந்த வெள்ளை. கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில்தான் என் அக்காவின் மூத்த பிள்ளை நின்றுபோனான். அவன் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. பெரியவன் என்றே சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவன். ராயபுரத்தில் மீன்கூடை சுமந்தேன், துறைமுகத்தில் நிலக்கரி வாரினேன், திருவொற்றியூரில் ஓர் அரிசி மில்லில் உமி தள்ளினேன். வேலை போனால் அக்கா வீடு. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. எத்தனை நாள் இருப்பாய் என்று அக்காவும் கேட்கமாட்டாள், நானும் சொல்லமாட்டேன். அரிசிப் பானையில் கை அடிவரை போகும்போது எனக்கே தெரிந்துவிடும். அந்தத் தடவை நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அக்கா குடியிருந்த வரிசைவீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே கூட்ஸ் யார்டு. பாலம் தூரத்தில், ஸ்டேஷன் பக்கம் இருந்தது. அவ்வளவு சுற்றிக்கொண்டு யாரும் போவதில்லை. வண்டி நின்றிருந்தால் அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்துகொள்வதுதான் அங்கே பழக்கம். சோற்றுத் தூக்கு எடுத்துப்போகும் பெண்கள் புடவையை இடுக்கிக்கொண்டு போவார்கள், மில்லுக்குப் போகிறவர்கள் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே போவார்கள். நிற்கிற வண்டியை யாரும் வண்டியாக நினைப்பதில்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள சந்து மாதிரி அது. ஆனால் யார்டின் ஏதோ ஒரு மூலையில் எஞ்சின் வந்து இடித்தால், அந்த இடி வேகனுக்கு வேகன் கைமாறி வரும். டங், டங், டங். கடைசி வேகன் ஒரு முழம் நகர்ந்து நிற்கும். அந்த ஒரு முழத்தில் பெரியவன் இருந்தான். பள்ளிக்கூடப் பை மட்டும் இந்தப் பக்கம் கிடந்தது.

அவன் அப்பா, என் மாமா, அதே யார்டில் தண்டவாளம் மாற்றிவிட்டுக் கொடி காட்டும் பாயிண்ட்ஸ்மேன். அன்று அவருக்கு யார்டின் மறுகோடியில் வேலை. எந்த எஞ்சின், யார் கொடி காட்டியது என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு கொடியை எடுக்கும் முன்னால் தரையோடு தரையாகக் குனிந்து வேகன்களின் அடியை முழுநீளத்துக்கும் பார்ப்பார். புதிதாக வந்த ஓர் ஆள், "இன்னா நைனா, கீழ காசு வுழுந்துடுச்சா?" என்று கேட்டானாம். பக்கத்திலிருந்தவன் அவன் தோளைப் பிடித்து அப்பால் இழுத்துப்போனானாம்.

அக்கா பள்ளிக்கூடமே போனதில்லை. அவளுக்கு எழுத்துக் காட்டியவன் பெரியவன்தான். சாயங்காலம் அவள் அடுப்பை மூட்டும்போது எதிரே உட்கார்ந்து, அன்றைய பாடத்தை மாஸ்டர் குரலில் நடத்துவான். தப்பாகச் சொன்னால் விறகுச் சுள்ளியால் அவள் முழங்கையைத் தட்டுவான். அதோடு விடமாட்டான். முதலில் பேர் கூப்பிடுவார்கள், பிறகு தமிழ், பிறகு தண்ணீர் மணி, பிறகு கணக்கு, கடைசியில் பாட்டு என்று பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுவான். அப்படி அவனோடு சேர்ந்து அவளும் இரண்டாம் வகுப்பில் பாதிவரை வந்திருந்தாள்.

அவன் போன பிறகு அவள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். "எம் பசங்க ரயில் கோட்டுக்கு அந்தாண்ட போவாது. நானே சொல்லித் தரேன்." மிச்சம் இருந்தவர்கள் ஒரு பெண், ஒரு பையன். பையனைச் சின்னவன் என்போம்.

வீட்டில் பள்ளிக்கூடம் நடத்துவது லேசில்லை. முதல் சில மாதம் எதுவும் ஒட்டவில்லை என்று அவளே சொன்னாள். பாடத்தின் நடுவே குழாயில் தண்ணீர் வந்துவிடும், ரேஷன் கடையில் கூட்டம் கூடிவிடும், உலை பொங்கிவிடும், சின்னவன் தெருவில் இருப்பான். பள்ளிக்கூடத்தில் மணி இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறாள். மில் சங்கு இருந்தது. முதல் சங்குக்குத் தண்ணீர், இரண்டாம் சங்குக்குப் பாடம் என்று வைத்த பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. வேகன்கள் இடிக்கத் தொடங்கினால் பாடம் எந்தச் சொல்லில் இருந்தாலும் அங்கேயே நிற்கும். கடைசி இடி கேட்கும்வரை மூவரும் வாய் திறக்கமாட்டார்கள். சின்னவன் விரலை மடக்கி எண்ணுவான். அவன் எண் கற்றதே அப்படித்தான்.

தெருக்குழாயடியில் ஒருத்தி கேட்பாள், "இன்னாமே டீச்சரம்மா, உன் ஸ்கூலுக்கு லீவே கெடயாதா?"

"உன்னியும் சேத்துக்கறேன், வந்து குந்து. வாயி கொஞ்சம் மூடுனாப்பல இருக்கும்" என்பாள் அக்கா. அந்த விஷயத்தில் அவளைச் சீண்டி ஜெயித்தவர்கள் கிடையாது.

என்ன சொல்லித்தருவது என்பதில்தான் சிக்கல். மிஷன் அம்மாக்கள் படம் போட்ட தாள்கள் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் யாரோ படித்து முடித்த கதைப் புத்தகம் ஒன்று வந்தது. நானும் என் பங்குக்கு மூர் மார்க்கெட் பழைய கடையில், படம் நிறைய இருக்கிறதே என்று ஒரு தடித்த புத்தகம் வாங்கிப்போனேன்.

"இதுல இன்னாடா கீது?"

"நெலம் அளக்கறது எப்டின்னு."

"அளக்கறதுக்கு நமக்கு எங்கடா நெலம் கீது?" என்று சிரித்துவிட்டு, அதைச் சின்னவனுக்கு உட்காரக் கொடுத்தாள். வந்த எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாள். பிறகு மூடி வைத்து, "பெரியவன் இத்த சொல்லலியே" என்பாள். அவன் சொன்னதுதான் பாடம். அவன் சொன்ன வரிசைதான் வரிசை. எனவே தினமும் முதலில் பேர் கூப்பிடுவாள்.

மூன்று பேர் கூப்பிடுவாள். முதலில் பெரியவன் பெயர். கூப்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி காத்திருப்பாள். அழுகை கிடையாது, முகத்தில் ஒன்றும் இராது. ஓர் ஆள் குனிந்து வேகனுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுகிற நேரம் காத்திருப்பாள். பிறகு பெண்ணின் பெயர். "உள்ளேன் அம்மா." பிறகு சின்னவன் பெயர். "உள்ளேன் அம்மா." அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது. இரண்டாம் சங்கு ஊதும்போதுதான் எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருக்கும்.

புத்தகத்தில் பெரியவன் கடைசியாகப் படித்த தபால்காரர் பாடம்வரை போவார்கள். மறுநாள் மறுபடி முதல் பக்கம். பெண் கண்ணை மூடிக்கொண்டே அத்தனையும் ஒப்பிப்பாள். தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவருக்கு அடுத்த பக்கம் படிக்கவா தெரியாது? அக்காவுக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தாளை யாரும் திருப்புவதில்லை. இதற்குள் பெண்ணுக்கு, அண்ணன் போனபோது அவனுக்கிருந்ததைவிட வயது கூடிவிட்டது.

அந்த வருஷம் கோடையில் மாமா பள்ளிக்கூட மாஸ்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாம் புத்தகம் முழுக்கப் படித்துக் காட்டினால் ஜூன் மாதம் பெண்ணை மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் பொடிப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பு.

"ஒண்ணாங்கிளாஸ்ல குந்த வைக்கமாட்டேன்" என்றார் மாமா. "ஒண்ணு, மூணாங்கிளாஸ் போவட்டும். இல்லாட்டி மொளகா மண்டில காம்பு கிள்ளப் போவட்டும். பாலத்துமேல நானே இட்டுனு போறேன். அடியில பூரமாட்டோம், போதுமா?"

அவர் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை. எங்கள் வரிசையிலேயே அந்த வயதுப் பெண்கள் மண்டிக்குப் போய், கண்ணும் கையும் எரிய எரியத் திரும்பி வருவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா.

"நான் படிச்சி சொல்றேங்க்கா" என்றேன்.

"நீ சொன்னா அது உன் பாடம்."

பள்ளி திறக்க இன்னும் சில வாரமே இருந்தது. தபால்காரர் வந்தார், போனார், மறுபடி முதல் பக்கத்திலிருந்து கிளம்பினார். மாமா வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மண்டிக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டதாக என்னிடம் மட்டும் சொன்னார்.

ஒருநாள் இரண்டாம் சங்கு ஊதியது. அக்கா பெரியவன் பெயரைக் கூப்பிட்டாள். வாசலைப் பார்த்தாள். சின்னவன் நில அளவைப் புத்தகத்தின்மேல் உட்கார்ந்து, தரையில் ஈர விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். தலை தூக்காமலே சொன்னான்.

"அண்ணன் மூணாங்கிளாஸ் போயிட்டாம்மா."

பெண் அவன் தொடையைக் கிள்ளினாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். அதே நேரம் யார்டில் வேகன்கள் இடிக்கத் தொடங்கின. எல்லோரும் அப்படியே இருந்தோம். கடைசி இடி ஓய்ந்த பிறகு அக்கா கேட்டாள்.

"உனுக்கு யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லல. ரெண்டு வருசமா ஒரே கிளாஸ்லயே குந்தினு இருப்பானா? அவன் இன்னா மக்கா?"

"அவன் மக்கு இல்ல" என்றாள் அக்கா. வெடுக்கென்று வந்த பேச்சு. வேறு யாராவது தன் பிள்ளையை மக்கு என்று சொன்னால் தெருவில் இறங்கிச் சண்டைக்குப் போகிற தாயின் குரல். அதே வேகத்தில் புத்தகத்தை எடுத்தாள். தபால்காரரைத் தாண்டி, ஒட்டிக்கிடந்த தாளை நகத்தால் பிரித்துத் திருப்பினாள். நான் எட்டிப்பார்த்தேன். அங்கே ஒரு பூசணிக்காய்ப் படம் இருந்தது. பூசணிக்கொடி கூரைமேல் படரும், பூ மஞ்சள் நிறம் என்று பாடம். இரண்டு வருஷம் அந்த வீடு பயந்து நின்றது ஒரு பூசணிக்காய்க்கு முன்னால். பெண் எந்த இடத்திலும் தடுமாறாமல் கடகடவென்று படித்தாள்.

பின்பாதியை அவர்கள் ஒரே ஓட்டமாக ஓடி முடித்தார்கள். ஒரு தடவை புரட்டினால் தாள் கறுக்காது. மாஸ்டர் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மூன்றாம் வகுப்பு என்று சொல்லிவிட்டார். அன்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"மூர் மார்க்கெட் போயி மூணாங்கிளாஸ் பொஸ்தகம் வாங்கினு வா. ரெண்டு."

"ரெண்டு எதுக்குக்கா? பொண்ணு ஒண்ணுதான போவுது?"

அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பெரியவனுக்கு வேணாமா?"

இரண்டு வாங்கி வந்தேன். வேறென்ன செய்வது.

பள்ளி திறந்த அன்று மாமா வேலைக்குப் போகுமுன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பாலத்துக்கு நடந்தார். அக்கா வாசலில் நின்று அவர்கள் திரும்பும் முனைவரை பார்த்தாள். சங்கு ஊதியதும் உள்ளே வந்து சின்னவன் எதிரே உட்கார்ந்தாள். பெரியவன் பெயரைக் கூப்பிட்டாள். "ஸ்கூலுக்குப் போயிருக்குது" என்றான் சின்னவன். பெண்ணின் பெயரைக் கூப்பிட்டாள். "அதுவும் அங்கதான் கீது." அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. நான் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தேன்.

அவள் தடுக்கவில்லை. சோற்றைப் பொட்டலம் கட்டி, அதன்மேல் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தையும் வைத்தாள். சின்னவனுக்கு வேண்டாமா என்று கேட்டேன். "அவனுக்கு வேற வாங்கிக்கலாம். இது கண்ணுல பட்டுகினே இருந்தா நான் மறுபடி மொதல்லேந்து ஆரம்பிச்சுடுவேன். எடுத்துனு போயிடு" என்றாள்.

பெண் அன்று சாயங்காலம் பத்திரமாகத் திரும்பினாள் என்பதும், பாலத்தின் வழியாகவே எட்டாம் வகுப்புவரை போய்வந்தாள் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. ஒவ்வொரு ஜூனிலும் அக்கா இரண்டிரண்டு புத்தகம் வாங்கினாள் என்பதும் அப்படித்தான். இப்போது அக்கா இல்லை, மாமா இல்லை. அந்த வரிசைவீடும் போய்விட்டது. ஏறி இறங்கிய ஊர்களிலெல்லாம் எதை எதையோ தொலைத்திருக்கிறேன். பாதி கறுத்து, பாதி பழுப்பேறிய அந்தப் புத்தகம் மட்டும் எப்படியோ கூடவே வந்துகொண்டிருக்கிறது.

அன்று சிக்னல் கம்பத்தடியில் அதன் ஓரத்துக் கோட்டைப் பார்த்தபடி சோற்றைத் தின்றுவிட்டு மறுபடி நடந்தேன். இருட்டும்முன் கத்திவாக்கம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் எண்ணூர் உப்பளத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"படிக்கத் தெரியுமா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"கொஞ்சம்."

"கொஞ்சம் போதும்பா. இந்தா, பேர் கூப்புடு."

கையில் கொடுத்த தாள் காற்றில் படபடத்தது. மூட்டையிலிருந்து புத்தகத்தை எடுத்து அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வரிசையாகக் கூப்பிட்டேன். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. பாத்திகளுக்கு அப்பால் வெறும் வரப்பு நீண்டிருந்தது. அந்த வரப்பைப் பார்த்தபடி காத்திருந்தேன். ஓர் ஆள் குனிந்து வேகனுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுகிற நேரம்.

"அவன் அம்மை போட்டு போயிட்டாம்பா" என்றார் மேஸ்திரி. "அடுத்த பேர் படி."

படித்தேன்.

"கீறேன்" என்று ஒரு குரல் வந்தது.