பின்னால் வந்த வெள்ளைப் பிக்கப்

போன மாதம் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் என்னை ஒருவன் பின்தொடர்ந்தான்.

சிரிக்க வேண்டாம். வெள்ளைப் பிக்கப். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள். நாங்கள் பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் அவனும் நின்றான். நாங்கள் கிளம்ப, அவனும் கிளம்பினான். தற்செயலா? இருக்கலாம்... எனக்குத்தான் தற்செயலில் நம்பிக்கை இல்லை.

கார் ஓட்டியது மகள் அபி. ரொறன்ரோவில் பிறந்தவள், உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள் என்று நினைப்பவள். அவளுக்குப் பக்கத்துச் சீற்றில் இடியப்பமும் சம்பலும் வைத்த கூலர். பின் சீற்றில் நானும் மனைவி சுகந்தியும். பீனிக்ஸில் கார் வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து இதுதான் ஒழுங்கு.

"அபி, கொஞ்சம் மெதுவா ஓடு பாப்பம்."

ஓடினாள். பிக்கப்பும் மெதுவானது.

"பாத்தியே?"

"அப்பா, பிளீஸ்! இருக்கிறதே ஒரு ரோட். அந்த மனுசன் வேற எங்க போறது?"

"இவரை விடு பிள்ளை," என்றாள் சுகந்தி. "பிக்கரிங்கில எங்கட வீட்டுக்குப் பக்கத்துக் கடையில பால் வாங்கப் போனாலும் இவருக்குப் பின்னால ஆரோ வருவினம்."

நான் பிக்கப்பின் இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பிறகு என் உடலைக் கண்டெடுப்பவர்களுக்கு உதவுமே!

அப்போதுதான் முன்னால் செம்மஞ்சள் கூம்புகள். சீருடை. நாய். நாட்டின் எல்லையிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே வந்த பிறகும் எல்லைக் காவலர்களின் சோதனைச் சாவடியாம்!

கார் நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை — என் கால்கள் செய்தன.

கதவைத் திறந்து இறங்கினேன். பாஸ்போர்ட்டை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி நடந்தேன்.

நாங்கள் விட்டு வந்த ஊரில் அப்படித்தானே? யுத்த காலத்தில் சாவடி வந்தால் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையோடு நடக்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. இறங்காதவனுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் எல்லாம் நேர் எதிர்.

"சேர்! ஸ்ரொப்! கெற் பாக் இன் த கார்!" காவலரின் கை இடுப்புக்குப் போனது. நாய் குரைத்தது. அபி இரண்டு கைகளாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி அலறினாள்.

"அப்பா! டோன்ற் மூவ்! சுட்டுப் போடுவாங்கள் அப்பா!"

நின்றேன். கைகள் தாமாக மேலே போயின.

இளம் காவலர் மெல்லக் கிட்ட வந்து, ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டார். ஊர்க் கதையை நடுங்கும் ஆங்கிலத்தில் இரண்டு வரியில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அப்படியானால்... அந்த லேடி?"

திரும்பினேன். காரின் மறுபக்கம், என்னைக் கேலி செய்த அதே சுகந்தி — கைப்பையைச் சோதனைக்குத் திறந்து பிடித்தபடி, பெண்கள் வரிசையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் வெள்ளைப் பிக்கப். உள்ளே அந்தக் கறுப்புக் கண்ணாடி ஆள், ஒரு கிழவர், அவசர அவசரமாக யன்னலை ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பயந்து!

எங்கள் மூளைக்குக் கனேடியக் குடியுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. கால்களின் விண்ணப்பம்தான் இன்னும் பரிசீலனையில்.

போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த பெற்றோல் நிலையத்தில் அபி எங்களுக்குக் கோப்பி வாங்கித் தந்து, பின் கதவுகள் இரண்டையும் தானே வந்து சாத்தினாள். என்ன பாசமான பிள்ளை என்று நெகிழ்ந்து போனேன்.

பீனிக்ஸில் இறங்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது — பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. சைல்ட் லொக்!