பியானோவை விட்ட மாப்பிள்ளை

கோணாமலையை நான் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாடகக் கொட்டகைகளில் அவன் ஆர்மோனியம் வாசிக்க, பக்கத்தில் மிருதங்கம் அடித்தவன் நான். அவனைக் கேலிசெய்ய எனக்கில்லாத உரிமை திருகோணமலையில் வேறு யாருக்கு இருக்கிறது?

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஊரே ஓடியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடற்படைக்காரர் ஆடுகிற மண்டபத்தில் பியானோ வாசித்த மனிதரும் ஓடினார். ஊர் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. மண்டபத்துக் குசினியில் சமையல் நடத்திய கலீலுர் றஹ்மான் நானா கோணாமலையைத் தேடி வந்தார்.

"தம்பி, இதும் கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டைப் பெட்டிதானே. வந்து வாசிங்க."

போனோம். கோணாமலை பியானோவை முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், குனிந்து கீழேயும் பார்த்தான்.

"நானா, காத்து எங்கால அடிக்கிறது?"

ஆர்மோனியக்காரனுக்கு வலக்கைதான் வாசிக்கும், இடக்கை காற்றடிக்கும். பியானோவுக்குக் காற்று வேண்டாம் என்றதும் அவனுடைய இடக்கை வேலை போன கிளாக்கரைப் போல முழித்தது. வலக்கை தொடங்கியதுதான் தாமதம், பழக்கதோஷத்தில் இடக்கை முன்னும் பின்னும் போய், அகப்பட்ட கட்டைகளை எல்லாம் அமுக்கியது. எனக்கு மானம் போயிற்று. ஆனால் துருத்தி அடித்த கையல்லவா, தாளம் மட்டும் தப்பவில்லை. டிரம் அடித்த மாலுமி ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டான். மண்டபமே எழுந்து ஆடியது. "ஜாஸ், ஜாஸ்" என்று கோணாமலையின் முதுகில் தட்டினார்கள். ஏதோ தொற்று வருத்தத்தின் பெயராக்கும் என்று நாங்கள் பயந்துபோனோம்.

பிறகு ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பி வாங்கினான். சொந்தமாக மெட்டும் போட்டான். மோகனத்தில் தொடங்கும், நடுவில் எங்கோ கப்பலேறும், திரும்பி வரும்போது ஆளே மாறியிருக்கும். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

இந்த மேதைக்குத் தங்கேஸ்வரி மேல் ஆசை. அவள் இல்லாவிட்டால் சோறு இறங்காது என்கிற அளவுக்கு ஆசை. மண்டபத்து வேலிக்கு அடுத்த வளவில்தான் அவள் வீடு. தகப்பன் வீரசிங்கத்தார் மறித்தார்.

"குடிச்சிட்டு ஆடுறவங்களுக்கு வாசிக்கிறவனுக்கு என்ர பிள்ளையைத் தர ஏலாது. பியானோவை விடட்டும், பாப்பம்."

அதே குடிகாரருக்கு நாள்தோறும் பாரை மீன் விற்பவர் அவர்தான். மீனுக்கு மட்டும் மானம் மரியாதை கிடையாது போலும்.

கோணாமலை விட்டான். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரே சொல்லில் விட்டான். நானா கெஞ்சிப் பார்த்தார், மாலுமிகள் வாசலில் வந்து நின்றார்கள். அவன் அசையவில்லை. ஆனால் சாப்பிடும்போது விரல்கள் சோற்றுக் கோப்பை விளிம்பில் ஓடும், கதைக்கும்போது என் தோளில் ஓடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சம்பந்தம் பேச வெற்றிலைத் தட்டத்தோடு போனோம். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, ஆகவே நான்தான் பெரிய மனிதன். வீரசிங்கத்தார் கதிரை போட்டு இருத்தினார். தங்கேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"அப்பு, இவரை எனக்கு வேண்டாம்."

வீரசிங்கத்தார் வாயைப் பிளந்தார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? இவரைத்தான் எண்டு ஒற்றைக்காலில நிண்டனீ?"

"ஓம், நிண்டனான். வேலிக்கு இஞ்சால இருந்து கேட்டுக் கேட்டுத்தான் நிண்டனான். அவ்வளவு ஆசையா வாசிச்சதை ஒரு சொல்லுக்கு விட்டவர், நாளைக்கு ஆரும் ஒரு சொல் சொன்னால் என்னையும் விடமாட்டாரோ?"

கோணாமலை எழுந்தான். கண் நிறைந்திருந்தது. இவன் இந்த இடத்திலேயே அழப்போகிறான் என்று நான் சால்வையைத் தேடினேன்.

"மாமா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் பொம்பிளை தராட்டிலும் சரி, நான் வாசிக்கப் போறன். விட ஏலாது."

அவன் வாசல் படலை வரை போய்விட்டான். தங்கேஸ்வரி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பு, இப்ப நாள் பாருங்கோ."