மலையைப் பார்த்துச் சொன்னவர்

சுப்புரத்தினம் சாமியைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அரக்கோணம் ரோட்டில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜமீல் அகமது நான். ஸ்பேனர் பிடித்த கையில் பேனா நிற்பதில்லை. ஆனாலும் திருத்தணியில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் பேசுகிறார்கள். மீதிப் பாதி எனக்குத் தெரியும். அதில் நானும் இருக்கிறேன்.

சாமியின் குடும்பம் தலைமுறைகளாக மலைமேல் கோயில் மடப்பள்ளியில் சமைத்த குடும்பம். பங்காளிகள் பெருகிப் பெருகி, அவருக்கு வரும் முறை வருஷத்தில் சில வாரங்கள் என்று சுருங்கிவிட்டது. மற்ற நாட்களில் கல்யாணச் சமையலுக்குப் போவார். தொண்ணூற்றொன்றில் கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாணம். முதல் பந்தி உட்கார்ந்து இலையும் போட்டாகிவிட்டது. பாயசக் கரண்டியை மூக்கருகே கொண்டுபோனவர் நேராகப் பந்திக்கு நடுவில் வந்து நின்றார். பால் கெட்டிருக்கிறது, கவனிக்காமல் விட்டது என் தப்பு, யாரும் பாயசத்தைத் தொடாதீர்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பெண் வீட்டார் பல்லைக் கடித்தார்கள். அவரோ அண்டாவைத் தன் கையாலேயே சாய்த்துக் கொட்டிவிட்டு, கூலி வாங்காமல் பஸ் ஏறினார். அந்தச் சேதி ஒரே வாரத்தில் அம்மையார்குப்பம் வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு சாமி சொன்னால் சரி என்றாகிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பேருக்குள் தகராறு என்றால், மலையைப் பார்த்துச் சொல் என்பார்கள். ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரியும் என்பதால் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. திரும்பி நின்று சொல்லிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. திரும்ப மறுத்தவன் தோற்றான். ஐந்து வேளையும் தொழுத என் அப்பாவே, கடையில் பார்ட்ஸ் திருடிய ஆளை மலைப் பக்கம் திருப்பி நிறுத்தியவர்தான். ரசீதும் சாட்சிக் கையெழுத்தும் வெளியூர்க்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்த முட்டாள்கள் நாங்கள்.

இந்தப் பழக்கத்தில் இருக்கும் லாபத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஜம்புலிங்கம். இன்று தேசியத் தலைவர் என்று பேனரில் சிரிக்கிறாரே, அவரேதான். அப்போது அவர் செங்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொந்த லாரி, பிறகு சூளை, பிறகு நிலம். தொண்ணூற்று மூன்றில் கே.ஜி.கண்டிகைக்கு அப்பால் ஒரு பொட்டல் வெளியில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, ‘மலைக்காட்சி நகர்’ என்று போர்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து இலவச வேனில் ஆட்களைக் கூட்டிவருவார். வேனைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மத்தியானச் சாப்பாடு போடும் வேலை சாமிக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்துக்காரர் ஒருவர் தயங்கினார். மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஜம்புலிங்கம் சிரித்துக்கொண்டே, நான் விற்கிறவன், என்னைக் கேட்காதீர்கள், மலைமேல் சமைக்கிறவரைக் கேளுங்கள் என்று கையைக் காட்டினார். சாமி அந்த இடத்துக்கு வந்த இத்தனை மாதமும் ஈரத்தையே பார்த்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மலைப் பக்கம் திரும்பி, “நல்ல எடம்ங்க, மலை சாட்சி” என்றார். பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் எட்டு மனை போனது.

அதிலிருந்து அதுவே வழக்கமானது. சாம்பார், ரசம், தயிர் சாதம், அப்புறம் சத்தியம். சாமிக்கு அது கூச்சமாக இருந்தது. ஒரு நாள் என்னிடம், சமைக்கக் கூப்பிட்டுவிட்டுச் சாட்சி சொல்லவைக்கிறாரே என்று வருத்தப்பட்டார். ஆனால் பொய் சொல்லவில்லையே என்ற தைரியமும் அவருக்கு இருந்தது. மழை பொய்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தப் பொட்டல் ஏரிக்கு நீர் வரும் வழி என்பதும், வரத்துக் கால்வாயை லாரி லாரியாக மண் கொட்டி மூடியது யார் என்பதும் அவருக்குத் தெரியாது. ரோடு போடுகிறோம் என்று சொன்னார்கள், நம்பினார்.

தொண்ணூற்றாறில் ஜம்புலிங்கம் கேபிள் டிவிக்குள் இறங்கினார். ஊரில் பாதி வீட்டுக்கு அவர் ஒயர்தான். சினிமாப் பாட்டுக்கு நடுவே ஒரு உள்ளூர் நிகழ்ச்சி. மலை பின்னால் தெரிய, சுப்புரத்தினம் சாமி அடுப்பருகே நின்று புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் செய்து காட்டுவார். முடிவில் திரும்பி நின்று மனைகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார். அவர் மனைவி ருக்கு அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்ப்பார். வந்து ஒட்டிக்கொண்ட அந்தச் சின்னப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்றேழில் நானும் ஒரு மனை வாங்கினேன். மகள் பர்ஹீன் பெயரில், நாற்பத்தேழாம் நம்பர். வாங்குவதற்கு முன்னால் சாமி வீட்டுக்கே போய், டிவியில் சொல்வது இருக்கட்டும், எனக்குச் சொல்லுங்கள் என்றேன். வாசலில் இறங்கி மலையைப் பார்த்து நின்று, வாங்கலாம் பாய் என்றார். அவர் வேதத்தின் மேல் அடித்துச் சொல்லியிருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். மலையைப் பார்த்துச் சொன்னதால் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜம்புலிங்கம் ஏறிய வேகம் இருக்கிறதே, அதை எழுதினால் வயிறு எரியும். கட்சிக் கூட்டங்களை நேரலையில் காட்டினார். கட்சி அவரைப் பார்த்தது. உள்ளூர் ஒயர் சாட்டிலைட் சேனலானது. வட்டம், மாவட்டம் என்று பதவிகள் வந்தன. ஒரு ஓட்டுகூடக் கேட்காமல் மேல்சபை வழியாக டில்லிக்குப் போனார். அங்கே இணையமைச்சர் ஆனார். ஊர் முழுக்க வாழ்த்துப் பேனர். ஒன்றை மட்டும் நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட மலைப் பக்கம் திரும்பி எதையும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் மழை பிடித்தது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. மலைக்காட்சி நகரில் கட்டியிருந்த வீடுகளில் ஜன்னல் வரை தண்ணீர். வடிந்த பிறகு அதிகாரிகள் வந்து அளந்தார்கள். இது நீர்வழி, பட்டா கிடையாது, இனி கட்டவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மொத்தம் நூற்றிருபது குடும்பம்.

யாரும் டில்லிக்குப் போகவில்லை. டில்லி தூரம், சாமி வீடு பக்கம். அவர் தெருவில்தான் போய் நின்றார்கள். யாரும் கை வைக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. மலையைப் பார்த்துத்தானே சொன்னீர்கள் என்று ஒரு அம்மாள் மட்டும் கேட்டார். சாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்கு அப்புறம் அவரைச் சமையலுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருஷ முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம்கூட அவர் கைக்கு வரவில்லை. கெட்டுப்போன பாயசத்தைக் கொட்டிய கையிலிருந்து சாப்பிட ஊருக்கு மனசு வரவில்லை. நானும் ஆறு மாதம் அவரிடம் பேசவில்லை. பிறகு அவரே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஜம்புலிங்கம் ஊர் நடுவில் நின்று, சாமிக்குத் தெரியாது, தெரிந்தது எனக்குத்தான் என்று மலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் மறுபடி ஊருக்குள் நிமிர்ந்து நடக்கலாம். டில்லிக்கு நாலு கடிதம் போட்டார். பொங்கல் வாழ்த்து அட்டை பதிலாக வந்தது.

இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில் அமைச்சருக்கு இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. பழைய வேன் மெக்கானிக் என்று சொல்லி நான் எப்படியோ உள்ளே நுழைந்து, சாமியையும் கூட்டிப்போனேன். மணமகள் அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். ஜம்புலிங்கம் வந்தார். எடுத்த எடுப்பில் சாமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். சாமி தனக்கு வேண்டியதைச் சொன்னார்.

ஜம்புலிங்கம் கதவைச் சாத்தச் சொன்னார். “தெரியும் சாமி. தெரிஞ்சுதான் வித்தேன். அத நான் மேடையில சொன்னா நாளைக்கு டில்லியில நான் இல்ல. நான் இல்லன்னா இவங்களுக்கு மாத்து மனை யாரு குடுப்பா?” என்றார். குரலில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. எதிர்க்கட்சிக்காரன் இந்த விஷயத்தைப் பார்லிமெண்டில் கிளப்பப் பார்க்கிறான், அதனால் சாமி இன்றைக்கு மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். ஜம்புலிங்கத்துக்கு எதுவும் தெரியாது, கீழே வேலை பார்த்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள், மலை சாட்சி என்று. அவ்வளவுதான். மூன்றே மாதத்தில் நூற்றிருபது குடும்பத்துக்கும் மேட்டு நிலத்தில் மனை என்றார்.

சாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“பாய், நீங்க என்ன சொல்றீங்க?”

பர்ஹீனுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். “சொல்லிடுங்க சாமி. நூத்தியிருவது குடும்பம்” என்றேன். வாயில் வந்தது நூற்றிருபது. மனதில் இருந்தது ஒரு குடும்பம்தான்.

மேடையின் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள், மலை கேமராவில் விழ வேண்டுமே. சாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். சொல்லச் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

மூன்று மாதம் ஆறு மாதமானது, ஆறு ஒரு வருஷமானது. உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கடிதம் வந்தது. பார்லிமெண்டில் விஷயம் அடங்கிப்போனது. ஜம்புலிங்கம் காபினெட் மந்திரியானார், கட்சியின் அகில இந்தியப் பொறுப்பும் வந்தது. சாமி தன் மடப்பள்ளி முறையைத் தம்பி மகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மலை ஏறவே இல்லை. தெருவில் போகும்போது தரையைப் பார்த்தே நடப்பார். முதல் தடவை அவர் சொன்னது தெரியாமல் செய்த தப்பு. இரண்டாவது சொன்னது பொய், அது பொய் என்று தெரிந்தே சொன்னது. அவரைச் சொல்லவைத்தவன் நான். இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயசு.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. ஜம்புலிங்கத்தின் சேனலில் அந்த மேடைக் காட்சியை எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். செய்திக்கு முன்னால் ஒரு தடவை, சீரியலுக்கு நடுவில் ஒரு தடவை. செத்துப்போன மனுஷன் தினமும் ஏழெட்டுத் தடவை கண்ணை மூடிக்கொண்டு மலையைப் பார்த்துப் பொய் சொன்னார்.

ஒரு காலையில் ருக்கு அம்மா கடைக்கு வந்தார். அதுவரை அவர் என் கடைப் படி ஏறியதே இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

“தெருவுல எந்த வீட்டத் தாண்டினாலும் அவரு சொல்லிகினே இருக்காரு பாய். நிறுத்தச் சொல்லுங்க” என்றார்.

என் பேச்சை அங்கே யார் கேட்பார்கள் என்றேன். ஜம்புலிங்கம் இருக்கும் உயரத்துக்கு நான் எங்கே போவது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“உங்க பேச்சக் கேட்டுத்தான அவரு சொன்னாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னாரு. ஜம்புலிங்கம் கேட்டதுக்கு நான் அசையல ருக்கு, பாய் கேட்டாருன்னுதான் சொல்லிட்டேன்னாரு.”

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். ஆமாம்மா, நான்தான் என்றேன். அவர் தெருவில் இறங்கிப் போய்விட்டார். அன்று மாலை சேனல் ஆபீசுக்குப் போய் வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லித் திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் டிவியில் சாமி ஓடிக்கொண்டிருந்தார். என் மனைவி குல்ஜார் எழுந்து அணைக்கப் போனாள். வேண்டாம், இருக்கட்டும், நான் பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.