பூஷைப்பின் அமெரிக்க பேஸ்

கஃப்தான் எனும் நீள அங்கி ஒன்றுக்கு நூற்றுக்கு மேல் பட்டு நூல் பொத்தான்கள் வேண்டும். யாம்னா அவற்றை இருபத்தாறு வருடமாகக் கையால் முடிகிறாள். ஒரு பொத்தான் இம்மியளவு பருத்துவிட்டாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து முடிவாள். காஸாபிளாங்காவில் பாதித் தையற்காரர்கள் அவள் கண்ணுக்குப் பயந்தவர்கள். அந்தக் கண்ணுக்குத் தம்பி பூஷைப்பிடம் மட்டும் ஒரு குறையும் தென்பட்டதில்லை.

தகப்பன் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. யாம்னா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அவனை வளர்த்தது அவள்தான். தெருமுனை இளைஞர் மன்றத்தில் எல்லாப் பிள்ளைகளும் முன்னால் நின்று கிடார் வாசிக்கவே அடித்துக்கொண்டார்கள். பாட்டுக்கு அடியில் கீழ்ச்சுரம் மட்டும் போடும் நாலு கம்பி பேஸ் கிடார் மூலையில் கிடந்தது. பூஷைப் அதை எடுத்துக்கொண்டான். அப்புறம் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டு அறையில், ஒரு மலிவான சீன கிடாரை வைத்துக்கொண்டு, பதினோரு வருடம் வாசித்தான். தாளம் விழுந்த பிறகு ஒரு மயிரிழை தாமதித்துத்தான் அவன் சுரம் வரும். பிந்தி வருவதல்ல அது. பாட்டைக் காக்க வைப்பது. யாம்னா அடுக்களையில் இருந்தபடியே அதை வைத்து அவனை அடையாளம் கண்டுவிடுவாள்.

ஹோட்டல்காரர்கள் பாட்டை நிறுத்தி டிவி வைத்தார்கள். பூஷைப்புக்கு அப்போது முப்பத்தேழு வயது. வேறு தொழில் தெரியாது.

மனைவியின் கஃப்தானை வாங்க வந்த ஹாஜி ஜிலாலிதான் ஒரு வழி சொன்னார். கல்யாணங்களுக்கு ஏழு பேர் குழு வைத்து நடத்துகிறவர். தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மரியாதைக்கு 'லல்லா' போட்டுப் பேசினார்.

"உன் தம்பி கை நல்ல கை, லல்லா யாம்னா. ஆனா அவன் தூக்கிட்டு அலையற சாமான் இருக்கே, அதை என் மேடையில ஏத்தினா கல்யாண வீட்டுக்காரன் என்னைப் பிச்சைக்காரன்னு நினைப்பான். அமெரிக்கக் கம்பெனி பேர் போட்டது ஒண்ணு கொண்டாரச் சொல்லு. வருஷம் பூரா இடம் அவனுக்குத்தான்."

அவர் போன பிறகு பூஷைப் சிரித்தான்.

"அதுலயும் நாலு கம்பிதான், இதுலயும் நாலு கம்பிதான். கேக்கிறவன் வாயில கோழியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அவனுக்கு அமெரிக்கா என்ன, சீனா என்னக்கா?"

"நீ வாயை மூடு. நான் வந்து கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் சந்தைக்குப் போனார்கள். பூஷைப் கொண்டுபோன சீன கிடாருக்குப் பக்கத்தில் கடைக்காரர் அமெரிக்கக் கிடார் ஒன்றை எடுத்து வைத்தார். யாம்னா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். "எதை வாசிக்கிறேன்னு சொல்லாம வாசிடா" என்றாள். ஐந்து தடவை மாற்றி மாற்றி வாசித்தான். ஐந்து தடவையும் சரியாகச் சொன்னாள். சீன கிடாரின் கீழ்ச்சுரம் ஈரத் துணி மாதிரித் தொய்ந்தது. அமெரிக்கக் கிடாரின் சுரம் இழுத்துப் பிடித்த நூலாக நின்றது. சொன்ன வேலை முடிந்தும் பூஷைப் நிறுத்தவில்லை. இருபது நிமிடம் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தான். கடைக்காரர் இரண்டு பேருக்கு ஏதோ விற்று அனுப்பிவிட்டார், அவனுக்கு அது தெரியவில்லை. பணம் பெறுமா என்ற கேள்வி யாம்னாவுக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

அதை வாங்க அவளுடைய ஏழு தங்க வளையல்களும் போயின. பழைய கிடாரும் அதற்கான ஒலிபெருக்கிப் பெட்டியும் போயின. "பெட்டி ஹாஜி மேடையில இருக்கும்" என்றாள்.

ஹாஜி வாக்கு மாறவில்லை. சனிக்கிழமை தோறும் வண்டி வந்து பூஷைப்பை ஏற்றிக்கொண்டு போனது. கல்யாண வீடியோக்கள் போனில் வந்தன. கீழ்வீட்டு ம்பார்க்காவை உட்கார வைத்து யாம்னா காட்டுவாள்.

"இந்தத் தும் தும்முனு வருதே, அது யாரு? என் தம்பி."

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது" என்பாள் ம்பார்க்கா.

"உனக்குக் காது இருந்தாத்தானே."

ஆனால் யாம்னாவுக்கே ஒரு உறுத்தல் இருந்தது. அந்த மயிரிழைத் தாமதம் வீடியோவில் இல்லை. சுரம் தாளத்தோடு ஒட்டி, ஆணி அடித்த மாதிரி விழுந்தது. கேட்டதற்கு, "போன்ல அப்படித்தான்க்கா கேக்கும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான். வீட்டில் அவன் கிடாரைத் தொடுவதும் குறைந்துகொண்டே வந்தது. கம்பி தேய்ந்துவிடும் என்றான். மேடைக்குப் போனவன், வீட்டில் எதற்கு வாசிக்க வேண்டும் என்று அவளும் சமாதானம் செய்துகொண்டாள்.

எட்டு மாதம் போனது. ஒரு பணக்கார வீட்டில் குழந்தைக்குப் பேர் வைக்கும் விருந்து வந்தது. பிள்ளை பெற்றவளின் கஃப்தான் யாம்னா பொத்தான் வைத்தது. பிரசவமாகி ஏழு நாள்தான், உடம்பு ஊதியிருந்ததில் இடுப்புப் பக்கம் மூன்று பொத்தான்கள் தெறித்துவிட்டன. ஆள் அனுப்பினார்கள். தோட்டத்துக் கூடாரத்தில் நண்பகல் விருந்து, ஹாஜி ஜிலாலியின் குழு. மேடையின் பின்பக்கத் திரையோரம் யாம்னாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். தம்பி மேடையில் வாசித்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஊசியில் நூல் கோத்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

பூஷைப் நீல ஜெலாபா அங்கியில் நடுநாயகமாக நின்றான். கம்பெனிப் பேர் தெரியும்படி கிடாரின் தலை கேமராவைப் பார்த்திருந்தது. தும் தும்மென்று கூடாரம் அதிர்ந்தது. யாம்னாவின் கண் வழக்கம்போல ஒரு நூல் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கப் போனது. கிடாரிலிருந்து இறங்கிய ஒயர் கம்பளத்துக்கு அடியில் நுழைந்து, திரைக்கு இந்தப் பக்கம், அவள் காலடியில் வெளியே வந்தது. நுனி எதிலும் செருகப்படவில்லை. கால் தடுக்காமலிருக்க ஒரு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. அங்கிருந்து கீபோர்டுக்காரன் ரிதுவானின் இடது கை தெரிந்தது. தும் தும்மை அந்தக் கைதான் அடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டிறைச்சித் தட்டுகள் உள்ளே போனபோது பாட்டு நின்றது. பூஷைப் திரைக்குப் பின்னால் வந்து அவளைப் பார்த்தான். பிறகு ஒயரைப் பார்த்தான்.

"எப்ப இருந்துடா?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"வளையலை வித்த கையைப் பாத்துக்கிட்டு எப்படிக்கா சொல்றது?"

யாம்னா எழுந்து ஹாஜியிடம் போனாள். அவர் தட்டைக் கையில் வைத்திருந்தார். கோபப்படவில்லை.

"ரிதுவான் இடது கையில அது சும்மாவே வருது, லல்லா. ரெண்டும் சேந்தா கூடாரத்துல இரைச்சல். ஆனா மேடையில ஏழு பேர் நிக்கணும், நல்ல சாமானோட நிக்கணும். நான் உன் தம்பிக்குக் கொடுக்கிறதுல ஒரு நாளாவது குறைச்சேனா?"

"குறைக்கலை. ஒரே ஒரு பாட்டுக்கு அவன் ஒயரைச் செருகுங்க. ரிதுவானை வலது கையோட நிறுத்திக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நீங்களே சொல்லுங்க."

ஹாஜி கொஞ்ச நேரம் மென்றார். "இப்ப எல்லாரும் சாப்பாட்டுல இருக்காங்க. சரி, ஒரு பாட்டு."

"வேணாம்க்கா" என்றான் பூஷைப்.

"போடா. ஏறு."

ரிதுவானே குனிந்து டேப்பைப் பிரித்து ஒயரை ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகிக் கொடுத்தான். பாட்டு தொடங்கியது. முதல் சுரம் விழுந்ததும் யாம்னாவின் நெஞ்சு நிமிர்ந்தது. அன்று கடையில் கேட்ட அதே நூல், அதே இழுப்பு. ம்பார்க்கா இப்போது இங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தாள். நாலாவது சுற்றில் தாளம் வேகமெடுத்தது. பூஷைப்பின் சுரம் தாமதித்தது. அவள் காத்திருந்த தாமதம் இல்லை அது. பிடிக்க முடியாமல் பின்னால் ஓடிவருவது. ஒரு கம்பியில் விரல் அழுந்தாமல் சுரம் கரகரத்தது. தர்புக்கா மேளம் அடிப்பவன் தலையைத் திருப்பிப் பார்த்து, அவனுக்காக வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான். முன்வரிசையில் ஒருவர் ரொட்டியைக் கையில் பிடித்தபடி மேடையை நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதமாகக் கம்பிமேல் சும்மா தடவிக்கொண்டிருந்த விரல்கள். பூஷைப்பின் கழுத்து வேர்த்தது.

நிறுத்தச் சொல்லி ஹாஜி கையைக்கூட அசைக்கவில்லை. பூஷைப்தான், பாட்டின் நடுவில், வாசிக்கிற மாதிரியே குனிந்து ஒயரைக் கிடாரிலிருந்து உருவினான். ரிதுவானின் இடது கை அடுத்த தட்டிலேயே வந்து சேர்ந்தது. பாட்டு நிமிர்ந்து ஓடியது. முன்வரிசைக்காரர் சாப்பாட்டுக்குத் திரும்பினார். பூஷைப் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தான், விரல்களை அழகாக அசைத்தான்.

முடிந்த பிறகு ஹாஜி அவன் தோளில் தட்டினார். "சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டி வரும்."

"சரி ஹாஜி."

சிவப்பு டாக்ஸி பிடித்தார்கள். கிடாரை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் யாம்னா சொன்னாள். "தினம் ரெண்டு மணி நேரம் வாசி. கை திரும்ப வந்துடும்."

"வந்து?"

"வேற குழு பாப்போம்."

"எல்லாக் குழுலயும் ஒரு ரிதுவான் இருக்கான்க்கா."

"அப்ப இதை வித்துடலாம். வேற ஏதாவது தொழில்..."

"இதை வித்தா சனிக்கிழமை போயிடும். ஹாஜிக்கு வேணுங்கிறது நான் இல்லை, இதுதான்." கிடாரின் உறையைத் தட்டினான். "நான் இதைத் தூக்கிட்டு வர்றவன்."

 யாம்னா கணக்கை எப்படிப் போட்டுப் பார்த்தாலும் தம்பி சொன்னதில்தான் வந்து நின்றது. வாங்காமல் இருந்திருந்தால் அவனுக்குக் கை இருந்திருக்கும், மேடை இருந்திருக்காது.

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மியூசிக்காரருங்களா? என்ன வாசிப்பீங்க?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பதில் யாம்னாவிடமிருந்துதான் வரும். தம்பி வாயைத் திறக்குமுன் அவள் அரைக் கதை சொல்லி முடித்திருப்பாள். பூஷைப் அதற்காகவே ஒரு கணம் பொறுத்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"வாசிக்கிறதில்லீங்க" என்றான். "கூட நிக்கிறேன்."